கலோரி எழுதாத ஒன்பது போசிகள்

1

இங்கே என் மதியச் சாப்பாட்டுக்கு ஆறு நிமிடம் ஆகிறது. அலுவலக உணவறையில் இருக்கும் பொது ஃப்ரீசரிலிருந்து என் பெட்டியை எடுப்பேன். மேல்தாளை முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்துவேன். மைக்ரோவேவில் நாலு நிமிடம், வெளியே எடுத்து ஒரு கிளறு, மறுபடி இரண்டு நிமிடம். அட்டைப் படத்தில் கோழிக் குழம்பும் சோறும், ஓரத்தில் ஒரு கொத்தமல்லி இலையும் இருக்கும். உள்ளே கொத்தமல்லி இருக்காது. கோழித் துண்டு நாலு இருக்கும். ஐந்து இருந்தால் அன்று நல்ல நாள்.

இங்கிலாந்தின் வடக்கே, லீட்ஸ் நகரத்துக்கு நான் வந்து இந்த மாதத்தோடு நாலு வருடம். என்ன சாப்பிட்டாய் என்று அம்மாவையும் தங்கையையும் தவிர ஊரில் யார் கேட்டாலும் ரசம், பொரியல் என்று ஏதாவது சொல்லிவிடுவேன். ஒரே பொய்யைச் சொல்வது அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

சமைக்கத் தெரியாமல் இந்தப் பெட்டிகளைத் தின்னவில்லை. மாலையில் நானும் என் கணவர் பிரபுவும் சேர்ந்து சமைக்கிறோம். மதியத்துக்கு மட்டும் பெட்டி. ஏனென்றால் அதன் பக்கவாட்டில் எண் இருக்கிறது. 350 கிராம், 392 கலோரி. அதைக் கைபேசியில் பதிந்துவிட்டால் அன்றைக்கு இன்னும் எவ்வளவு சாப்பிடலாம் என்று செயலி சொல்லிவிடும். வீட்டுச் சமையலில் அந்த வசதி இல்லை. ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன்.

“புளிச்சோத்துக்கு எண்ணெ எத்தன ஊத்துவீங்மா?”

“கொஞ்சூண்டு.”

“கொஞ்சூண்டுன்னா?”

“பாத்து ஊத்தறதுதான். கண்ணு இருக்குதல்ல.”

“ஒரு ஆளுக்குச் சோறு?”

“ஒரு கை.”

எருமப்பட்டி பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்ப்பவர் என் அம்மா. அங்கே ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து கிராம் தீவனம். ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் முட்டைக் கணக்கில் தெரிந்துவிடும் என்பார். மனுசருக்கு வந்தால் மட்டும் ஒரு கை.

2

இந்த எண்கள் எனக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. இங்கே அதற்கான சிகிச்சையை அரசாங்கச் செலவிலேயே பெறலாம். ஆனால் எங்களைப் போகச் சொன்ன மருத்துவமனையில் ஒரு விதி உண்டு. பெண்ணின் உயரத்துக்கும் எடைக்குமான குறியீடு முப்பதுக்குக் கீழே இருந்தால்தான் பெயரை வரிசையில் சேர்ப்பார்கள். என் உயரத்துக்கு எழுபத்து நாலு கிலோவுக்குக் கீழே வர வேண்டும். நான் எண்பத்தொன்று இருந்தேன். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லித் தேதி கொடுத்தார்கள்.

அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது அழுகை வரவில்லை. ஒரு தெம்புதான் வந்தது. கணக்கு என்றால் எனக்குப் பயம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எனக்கு இயந்திரவியல் பட்டம் இருக்கிறது. ஏழு கிலோ என்பது ஒரு கழித்தல் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் முதலில் தப்பு செய்தேன். பெட்டியில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். ஒன்று நூறு கிராமுக்கு, இன்னொன்று முழுப் பெட்டிக்கு. நான் முதல் வரிசையைப் பார்த்து, முழுப் பெட்டியே 112 கலோரிதான் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைக்காரன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று வியந்தபடி இரண்டு வாரம், மத்தியானம் இரண்டு பெட்டி சாப்பிட்டேன். எடை ஏறியது. பிரபுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க இன்ஜினியரம்மா, இதென்ன பக்கத்துல இன்னொரு வரிச?” என்று கேட்டார். அன்று ராத்திரி அவருடன் நான் பேசவில்லை.

இதில் எதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. தங்கை கௌசியிடம் சொல்லவே இல்லை. அவளுக்கு அப்போது ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

3

என் மத்தியானம் பன்னிரண்டரை என்றால் ஊரில் சாயங்காலம் ஐந்து. அம்மா பண்ணையிலிருந்து வந்து கைகால் கழுவியிருக்கும் நேரம். பெட்டி மைக்ரோவேவில் சுற்றும் ஆறு நிமிடத்தில்தான் பெரும்பாலும் அம்மாவுடன் வீடியோவில் பேசுவேன். நாமகிரிப்பேட்டையில் கட்டிக்கொடுத்த கௌசி, மாசமானதிலிருந்து பாதி நாள் அம்மா வீட்டில்தான் இருந்தாள். பேச்சுக்கு நடுவில் கேமராவுக்கு வெளியே அம்மாவின் கை போய்ப் போய் வரும். தோலுரித்த முட்டை, வேகவைத்த கிழங்கு, உரித்த சாத்துக்குடி. அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் கேட்கும்.

“அக்கா, உம்பொட்டில இன்னைக்கு என்ன?”

“சிக்கன்.”

“எத்தன துண்டு?”

“நாலு.”

“பாவம்,” என்று சொல்லிவிட்டு மறுபடி மெல்லுவாள்.

எனக்கு எரியும். சுற்றி வளைத்து எழுத வேண்டியதில்லை, பொறாமைதான். அவள் வயிற்றைப் பார்த்து அல்ல என்று முதலில் சொல்லிக்கொண்டேன். அதுவும்தான். ஆனால் அதைவிட அந்தக் கை. கேமராவுக்கு வெளியே போய்ப் போய் வரும் அந்தக் கை.

ஒருநாள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாமி, ஒண்ணு கேக்கோணும். கோவிச்சுக்க மாட்டியே?” என்றார்.

“கேளுங்மா.”

“வார மாசம் கௌசிக்குக் கட்டுச்சோறு கட்டோணும். பரண் மேல அந்த ஒம்போது போசி சும்மாதான கெடக்குது. அதையே எடுத்துக்கட்டுமா? உம்பேரு வெட்டியிருக்குது, அதாங் கேக்கறேன்.”

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண் மாசமாக இருக்கும்போது பிறந்த வீட்டார் ஐந்தோ ஏழோ ஒன்பதோ வகைச் சோறு ஆக்கி, போசியில், அதாவது கைப்பிடி வைத்த தூக்குப் பாத்திரத்தில், கட்டி எடுத்துக்கொண்டு அவள் புகுந்த வீட்டுக்குப் போவார்கள். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு. அவளை உட்காரவைத்து முதல் கை ஊட்டிவிட்ட பிறகுதான் ஒறம்பரை சொந்தங்களுக்கெல்லாம் இலை போடுவார்கள். என் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கப் போன அன்றே அம்மா இதற்கென்று ஒன்பது எவர்சில்வர் போசி தனியாக வாங்கிவிட்டார். கடைக்காரர் ஒவ்வொன்றிலும் ‘ரா. சத்யா’ என்று பெயர் வெட்டிக் கொடுத்தார். எழுத்துகளை அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபார்த்துத்தான் வாங்கினார்.

ஆறு வருடமாக அவை பரண்மேல் இருக்கின்றன.

“புதுசு வாங்கிக்கங்மா,” என்றேன். “நான் வாங்கித் தரேன். அவ பேரையே வெட்டச் சொல்லுங்க.”

“ஒரு நாளுச் சோத்துக்குப் புதுசெதுக்குச் சாமி?”

“அது என்னோடது.”

மைக்ரோவேவ் மணி அடித்தது. கேமராவுக்கு வெளியே மெல்லும் சத்தம் நின்றுவிட்டது.

அன்றைக்கு நான் வீடு போய்ச் சேருவதற்குள் கௌசியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. ஒரே வரி.

“ஏக்கா, சர்ட்டிபிகேட்டுலதான் உம்பேரு. போசிலயுமா?”

4

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதில் நான் நல்லவள் இல்லை.

குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் பிள்ளைக்கு நம்மூரில் முதல் பட்டதாரி சான்றிதழ் தருகிறார்கள். அதைக் காட்டினால் பொறியியல் கல்லூரியில் கட்டணச் சலுகை கிடைக்கும். குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான். எனக்கு வாங்க அம்மா பண்ணைக்கு மூன்று நாள் லீவு போட்டு, கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தார். வீட்டில் வேறு யாரும் பட்டம் படிக்கவில்லை என்ற உறுதிமொழியில் கட்டைவிரலை வைத்தார். அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஊரில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டினேன். இப்போதும் அது என்னோடு லீட்ஸில்தான் இருக்கிறது. இங்கே அதை யாரும் கேட்கப் போவதில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கௌசி பன்னிரண்டாவது முடித்தாள். 1,104 மதிப்பெண். நான் வாங்கியது 1,063. வீட்டில் ஒருத்திக்குச் சலுகை கொடுத்தாகிவிட்டது, இன்னொன்று கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். என் விடுதிக் கட்டணத்துக்கே அப்பா முட்டை லாரியில் கூடுதல் நடை சுமை ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். கௌசி ஒரு வருடம் அம்மாவோடு பண்ணையில் முட்டை பொறுக்கினாள். பிறகு சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போனாள்.

விடுமுறைக்கு வந்த நான் அவளிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. “நான் வேலைக்குப் போயி உன்னையப் படிக்க வெக்கறேன்.” அவள் சிரித்தாள். “உம்பேருல வாங்கியாச்சு, விடு,” என்றாள். வேலைக்குப் போனேன். கல்யாணம் வந்தது, விசா வந்தது. அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 1,104 என்ற எண் எனக்குப் பிடித்ததே இல்லை. அவள் படித்திருந்தால் என்னைவிட நன்றாக வந்திருப்பாள் என்பது தெரியும். அவள் படிக்காமல் போனதில் எனக்குள் எங்கேயோ ஒரு மூலை நிம்மதியாக இருந்தது என்பதும் தெரியும்.

5

மறுநாள் பன்னிரண்டரைக்கு அம்மாவே கூப்பிட்டார். கௌசி நாமகிரிப்பேட்டைக்குப் போய்விட்டாளாம். போசியைப் பற்றிப் பேசவில்லை. கேமராவுக்குக் கிட்டே வந்து என்னை உற்றுப் பார்த்தார்.

“மூஞ்சி வத்திப்போச்சு. கழுத்தெலும்பு தெரியுது. அந்தப் பொட்டிச்சோத்தத் தின்னா எப்படிச் சாமி புள்ள நிக்கும்? எட கொறஞ்ச கோழி முட்ட போட்டுப் பாத்திருக்கறியா?”

“எட கொறச்சலெல்லாம் இல்லீங்மா. எனக்கு எட அதிகம். அதுதான் ஆசுபத்திரில சொல்றது. கொறச்சாத்தான் பேரே சேப்பாங்களாம். ரெண்டு மாசமா அதுக்குத்தான் இத அளந்து அளந்து தின்னுட்டிருக்கறேன்.”

சொல்லிவிட்டேன். உணவறையில் எனக்குப் பின்னால் இரண்டு பேர் தங்கள் பெட்டிகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் புரியாது என்றாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அம்மா அழுவார், கோயிலுக்கு நேர்ந்துகொள்வார், யாரையாவது சபிப்பார் என்று காத்திருந்தேன்.

“அட, கொழுப்பு வெச்சிருச்சா?” என்றார் அம்மா. “அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? கொழுத்த கோழியும் போடாது. உள்ளார கொழுப்புச் சுத்திக்கும். அதுக்குத்தான தீவனத்த அளந்து போடறோம். எத்தன கொறைக்கோணும்?”

“ஏழு கிலோ.”

“எத்தன ஆயிருக்குது?”

“ஆறு.”

“பொட்டில சோறு எத்தன கிராமு போடறாங்க?”

“மொத்தமே முந்நூத்தம்பதுங்மா.”

“தண்ணி சேத்தா, சேக்காமயா?”

இரண்டு மாதமாக ஊரில் யாரிடமும் பேச முடியாத ஒன்றை என் அம்மா தீவன மூட்டையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார். கூண்டுக் கோழியோடு என்னை ஒப்பிட்டதற்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு வழிவிட்டு, ஆறிப்போன பெட்டியோடு படிக்கட்டில் உட்கார்ந்து இன்னும் பத்து நிமிடம் பேசினேன்.

போனை வைக்கும்போது, “கௌசிகிட்டச் சொல்லாதீங்க,” என்றேன்.

“நான் எதுக்குச் சாமி சொல்றேன்?” என்றார். அந்தப் பதிலிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

6

மருத்துவமனைக்குப் போன வியாழக்கிழமை காலையில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “மிஸஸ் ராமசாமி” என்று கூப்பிட்டார்கள். அது என் அப்பா பெயர். இங்கே எல்லாத் தாளிலும் அதுதான் என் பெயர். வயிற்றுக்குள் பிள்ளை வேண்டி எருமப்பட்டி ராமசாமி எழுந்து போவதுபோல் ஒவ்வொரு முறையும் தோன்றும்.

கோட்டைக் கழற்றினேன். காலணியைக் கழற்றினேன். சேலத்தில் எடுத்த வெள்ளிக் கொலுசையும் கழற்றி நாற்காலியில் வைத்தேன். செவிலியர் சிரித்துக்கொண்டே, “அது அவ்வளவு எடை இருக்காது, கண்ணு,” என்றார். ஒரு ஜோடி நூற்று இருபது கிராம் என்று எனக்குத் தெரியும்.

எழுபத்து நாலு கிலோ நானூறு கிராம்.

“மிகவும் நன்றாகச் செய்திருக்கிறீர்கள்,” என்றார் அவர். “ஆறு வாரம் கழித்து இன்னொரு தேதி தருகிறேன்.” நானூறு கிராம்தானே என்று கேட்டுப் பார்த்தேன். படிவத்தில் அந்தக் கட்டம் பச்சையானால்தான் அடுத்த பக்கமே திறக்கும் என்று திரையைத் திருப்பிக் காட்டினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தத்துக்கும் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்திருந்தால் அவர் நிரப்பியிருப்பார்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து கௌசியைக் கூப்பிட்டேன். ஏன் அம்மாவையோ பிரபுவையோ கூப்பிடவில்லை என்று தெரியவில்லை. மூன்று வாரமாக நாங்கள் பேசியிருக்கவில்லை.

“கௌசி, அந்தப் போசியவே எடுத்துக்கங்க,” என்றேன்.

“ஆசுபத்திரில என்னாச்சு?” என்றாள்.

அம்மா அவளிடம் சொல்லிவிட்டிருந்தார். “நானூறு கிராம் அதிகம். ஆறு வாரம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க.”

“பன்னெண்டாவதுல நீ எனக்கு எத்தன மார்க்குக் கம்மி?”

“நாப்பத்தொண்ணு.”

“அதையே தூக்கிட்டு லண்டன் வரைக்கும் போயிட்ட. நானூறு கிராமு ஒரு எடையா?”

“இது லண்டன் இல்ல.”

“எல்லாம் ஒண்ணுதான் போ.” பிறகு குரலை இறக்கினாள். “அக்கா, நெசமாச் சொல்லு. எம்மேல உனக்குப் பொறாமதான?”

பேருந்து ஒன்று வந்து நின்று, நான் ஏறாததால் போனது. “ஆமா,” என்றேன்.

“எத்தன வருசமா நான் பட்டேன். நீ பட்டா எப்படியிருக்கும்னு நெனச்சுட்டே இருப்பேன். குளுகுளுன்னுதான் இருக்குது,” என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “போசிய எடுத்துக்கறேன். ஆனாத் திருப்பிக் குடுத்துருவேன். உம்பேரு போட்டதெல்லாம் நான் வெச்சுக்க மாட்டேன். எனக்கு ஆகாது.”

7

கட்டுச்சோறு கட்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்தபோது அம்மாவிடமிருந்து ஒன்பது வீடியோக்கள் வந்திருந்தன.

முதல் வீடியோவில் எங்கள் வீட்டு வாசல். பண்ணையில் கோழி எடை போடும் கொக்கித் தராசை, அந்த எலக்ட்ரானிக் தராசை, அம்மா இரவல் வாங்கி வந்து உத்திரத்தில் தொங்கவிட்டிருந்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தார். என் பெயர் வெட்டிய போசி கொக்கியில் தொங்கியது. படம் எடுத்தவர் அம்மாவோடு பண்ணையில் வேலை செய்யும் சரசக்கா. குரலில் தெரிந்தது.

“இது புளிச்சோறு, சாமி. மொத்தம் ரெண்டு கிலோ எறநூத்திப் பத்து,” என்றார் அம்மா. எழுத்து படிக்கத் தெரியாதவர், இருபத்தைந்து வருடத் தராசில் எண்ணை மட்டும் தெளிவாகப் படிப்பார். “எண்ணெ எறநூறு மில்லி. அளந்துதான் ஊத்துனேன்.”

“போசி எடையக் கழிக்கோணுமில்லக்கா?” இது சரசக்கா.

“வெறும் போசி ஆறுநூத்தி முப்பது. அத மொதல்லயே எட போட்டுட்டேன். எனக்குத் தெரியாதா?”

“ஏங்க்கா, சீருக்குக் கொண்டுபோற சோத்த யாராச்சும் தராசுல மாட்டுவாங்களா? சம்மந்தி ஊட்டுல தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?”

“நெனச்சுட்டுப் போறாங்க. எம்பெரிய புள்ளைக்கு எண்ணு வேணுமாமா.”

இப்படியே எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, ஒன்பதும். ஒவ்வொன்றிலும் கொக்கி அசைந்து நிற்கும்வரை அம்மா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் அதை ஒரு தாளில் எழுதி, அரிசி, எண்ணெய், வெல்லம் என்று பிரித்து, கலோரி போட்டேன். புளிச்சோறு நூறு கிராமுக்கு எவ்வளவு, எள்ளுச்சோறு எவ்வளவு என்று செயலியில் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். எங்கள் வீட்டுச் சோற்றுக்கு முதன்முறையாக எண் வந்தது. அன்று மத்தியானம் ஃப்ரீசரைத் திறக்கவில்லை. அம்மா சொன்ன அளவில் கால்பங்கு புளிச்சோறு ஆக்கினேன். தராசில் தட்டை வைத்து, தட்டின் எடையைக் கழித்து, எனக்கு உரியதைப் போட்டுக்கொண்டேன். மிச்சத்தைப் பிரபு சட்டியோடு கவிழ்த்துக்கொள்ளாத குறையாகத் தின்றார்.

சாப்பிட உட்காரும்போது கௌசியின் படங்கள் வந்தன. நடுவீட்டில் பச்சைச் சேலையும் மாலையுமாக அவள். முன்னால் வரிசையாக ஒன்பது போசிகள். எல்லாவற்றிலும் ‘ரா. சத்யா’ கேமராவைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தாள். கூடவே ஒரு குரல் பதிவு.

“உம்பேரப் பாத்துட்டு, யாருக்குக் கட்டுச்சோறுன்னு வந்தவங்க எல்லாரும் கேட்டுட்டாங்க. இன்னும் ஆறு வாரத்துல எங்கக்காளுக்கும் ஆரம்பிக்கும்னு சொல்லிட்டேன். போசி ஒம்போதும் கழுவியாச்சு. வெறும் போசியாத் திருப்பக் கூடாதுன்னு ஒண்ணொண்ணுலயும் ஒரு புடி மஞ்சளு போட்டு அம்மாகிட்டக் குடுத்துட்டேன். எடையப் பாத்துக்க.”

அதற்கு நான் நன்றாகப் பதில் அனுப்பினேன். மனதாரத்தான் அனுப்பினேன்.

கடைசிப் படத்தில் அம்மா குனிந்து, தயிர்ச்சோறு என்று நினைக்கிறேன், முதல் கையை அவள் வாயில் வைக்கிறார். கௌசி கண்ணை மூடியிருக்கிறாள். அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு ஒன்பது சோற்றைப் பற்றியும் விவரமாகப் பேசினேன். எள்ளுச்சோற்றில் வெல்லம் எத்தனை என்று கேட்டேன், தேங்காய் எத்தனை மூடி என்று கேட்டேன், எல்லாவற்றுக்கும் கிராமில் பதில் சொன்னார். அவள் வாயில் வைத்த அந்த ஒரு கை எத்தனை இருக்கும் என்று மட்டும் நான் கேட்கவில்லை.